அரைப் பேர்

சில்லறை என்று பேர் வைத்தது
ஹட்டன் பஸ் கொண்டக்டர்.
மீதிக் காசு கேட்டேன்.
சீட்டுக்கடியில் நடுங்கிய குட்டியைத் தூக்கி மடியில் போட்டு
"இந்தாங்கக்கா, சில்லறை" என்றான்.

இப்போது மூன்று வயது.
வலது காது நிமிர்ந்து நிற்கும்,
மற்றது எப்போதும் லீவில்.

விளையாட்டுக்குப் பேர் பார்க்கூர்.
மேட்டு லயத்தில் "பாக்கு ஊர்" என்கிறார்கள்.
நாயும் ஆளும் சேர்ந்து
இருக்கிற ஊரையே ஏறி, நுழைந்து, தாண்டி வருவது.
பந்து இல்லை, எதிராளி இல்லை, கைதட்ட மேடை இல்லை.
டிலக்ஷன் போனில் பிடித்து அனுப்புவான்.
எங்கேயோ பனி கொட்டுகிற நாட்டில்
ஓர் அம்மா பார்த்து மார்க் போடுவாள்.

எங்களுக்கு மைதானம் எதற்கு?
பஸ் ஹோல்ட்டின் சிமெந்து வாங்கு,
ரயில் பாதையில் கழற்றிப் போட்ட சிலிப்பர் கட்டை,
கானுக்குக் குறுக்கே ஒற்றைப் பலகை.
அப்புறம்
வரும் வரும் என்ற வீட்டுத் திட்டத்தின் அத்திவாரம்.
நாலு வரிக் கல்லோடு நின்றுபோன எங்கள் வீட்டில்
குசினியால் நுழைந்து
ஜன்னல் வரவேண்டிய இடத்தால்
வெளியே பாய்கிறாள் சில்லறை.
அந்த வீட்டில் இதுவரை வாழ்ந்தது
அவள் மட்டும்தான்.

முன்னங்கால் இரண்டும் வைத்தால் அரைப் பேர்.
நாலு காலும் வைத்தால் முழுப் பேர்.
விதியில் அப்படி இல்லை.
பதினாறு வருசம் கொழுந்து நிறுத்துப் பேர் போட்டவளுக்கு
வேறு கணக்குத் தெரியாது.

முதல் தடவை அனுப்பியதைத் திருப்பி விட்டாள் அந்த அம்மா:
நாயைக் காணவில்லை.
காணவில்லைதான்.
பலகையில் ஏறும்போது இருந்தாள்,
நடுவில் மூடுபனி வந்து எடுத்துக்கொண்டது,
அந்தப் பக்கம் வாலாகத் திரும்பி வந்தாள்.
இங்கே பாதி நாள்
நாங்களே குரலாகத்தான் இருக்கிறோம்
என்று எழுதச் சொன்னேன்.
டிலக்ஷன் "சொறி" என்று மட்டும் எழுதினான்.

நேற்று ஞாயிறு.
மதகுக் குழாய்க்குள் நுழைந்து வரவேண்டும்.
ஸ்கூல் பேக் வாரில் தைத்த பட்டி அவள் நெஞ்சில்,
டிலக்ஷன் பேர் இன்னும் அழியாமல் அதில்.
வேடிக்கைக்குச் சனம் கூடிவிட்டது.
நிசாம் ஆட்டோவை ஓரங்கட்டிவிட்டு
கொத்துரொட்டிக்குப் பந்தயம் கட்டினான்.
குழாய் வாயை மோந்தாள்.
என்னைப் பார்த்தாள்.
உட்கார்ந்துவிட்டாள்.

"தள்ளுங்க" என்றார்கள்.
"பட்டியைப் புடிச்சு இழுங்க."

விதியில் இரண்டு வரி உண்டு,
டிலக்ஷன் வாசித்துச் சொன்னது:
தோளுக்கு மேல் உயரத்திலிருந்து குதிக்க விடாதே.
மறுத்தால் விட்டுவிடு, மறுப்பும் பதில்தான்.

ஆபிஸ் சுவரில் எத்தனை நோட்டீஸ் பார்த்திருக்கிறேன்,
இப்படி ஒன்று ஒட்டியதில்லை.
ஏழாம் மாசம் எனக்கு.
பன்னிரண்டாம் நம்பர் மலை, மழை,
முழங்கால் வரை அட்டை.
ஏறு என்றார்கள்.
ஏறினேன்.
யார் தோளுக்கு எவ்வளவு உயரம் என்று
ஒருத்தரும் அளக்கவில்லை.

"சரி, வா" என்றேன்.
வந்தாள்.
நிசாமுக்குக் கொத்துரொட்டி.

திரும்புகிற வழியில்
யாரும் கேட்காமல்
மடுவத்து மேடைத் தராசில் பாய்ந்து ஏறினாள்.
நாலு காலும்.
டிலக்ஷன் போனைப் பைக்குள் வைத்துவிட்டிருந்தான்.

எத்தனை கிலோ என்று குனிந்து பார்த்தேன்.
பதினாலா, பதினைந்தா,
வாலை ஆட்டிக்கொண்டே இருந்ததில்
முள் நிற்கவேயில்லை.