உப்பில்லாத ஊரில் உப்புக்கொத்தி

வருடா வருடம் மே முதல் வாரம்
வாலிநோக்கத்துச் சதுப்பில் நிற்பேன்.
முழங்கால் வரை சேறு, கழுத்து வரை வெயில்,
உதட்டை நக்கினால் கடல்.
ஆலாக்கள் தலைக்கு மேல் திட்டிக்கொண்டே போகும்.
ஏப்ரலிலேயே வடக்கே கிளம்பியிருக்க வேண்டிய உள்ளான் ஒன்று
இன்னும் கிளம்பாமல் ஒற்றைக்காலில் நிற்கும்.
அதைச் சாக்கு வைத்து
நானும் கடைசி பஸ்ஸை விடுவேன்.

இந்த வருடம் லீவு இல்லை.
கண்புரை முகாம்.
தேனியிலிருந்து மூன்று பஸ், விருதுநகரிலிருந்து நான்கு.
இருட்டறையில் நாற்காலியை ஏற்றி இறக்கி
ஒரு நாளைக்கு எழுபது பேரிடம் கேட்கிறேன்:
இந்தக் கண்ணாடியில நல்லாத் தெரியுதா,
இல்ல, இதுலயா?
ரெண்டும் ஒண்ணு மாதிரிதான் இருக்கு தாயி
என்கிறார்கள் எழுபதில் முப்பது பேர்.

ஞாயிறு விடியுமுன்னே
சம்சுதீன் ஸ்கூட்டரோடு வந்து நின்றான்.
பார்சல் பையைக் கழற்றிவிட்டு
தண்ணீர் பாட்டிலை மாட்டியிருந்தான்.
"கடலா கண்மாயா, பறவைக்கு என்ன?
சாமநத்தம் போவோம்."

வில்லாபுரம், அவனியாபுரம், பிறகு கரை.
கண்மாய் பாளம் பாளமாய் வெடித்துக் கிடந்தது.
நடுவில் மட்டும் டீ நிறத்தில் ஒரு தேக்கம்,
ஊர்ச் சாக்கடை கொடுத்த பிச்சை.
நெடுங்கால் உள்ளான் பதினொன்று.
நத்தைகுத்தி நாரை ஆறு.
ஆட்காட்டியை எண்ண முடியவில்லை,
அது எங்களை எண்ணிக்கொண்டிருந்தது.
கொழும்பு விமானம் காலை நீட்டிக்கொண்டு தாழ இறங்க
சம்சுதீன் நோட்டில் எழுதினான்:
பெரியது, வெள்ளை, ஒன்று.

அப்போதுதான் மண்ணில் ஒரு துண்டு மட்டும் ஓடியது.
நாலடி ஓடி, நின்று,
யாரோ பேர் சொல்லிக் கூப்பிட்டதுபோல் திரும்பி,
மறுபடி நாலடி.
கண்ணைச் சுற்றி மஞ்சள் வளையம்.
பட்டாணி உப்புக்கொத்தி.
பெயரில் இருக்கும் உப்பு இந்த ஊரில் ஏது என்று
நான் யோசிப்பதற்குள்
ஒரு இறக்கையை ஒடிந்ததுபோல் இழுத்துக்கொண்டு
எங்களை அங்கிட்டு வா, அங்கிட்டு வா என்றது.
பொய்.
இதே பொய்யை வாலிநோக்கத்தில்
இதன் பங்காளி என்னிடம் சொல்லியிருக்கிறது.
அங்கிட்டுப் போகாமல் குனிந்து தேடினோம்.
நாலு முட்டை. சரளைக்கல் நிறம்.
சரளைக்கல் அளவு.
ஒன்றரை முழம் தள்ளி டிராக்டர் தடம்.

ஏழரைக்கு சவுடு அள்ள ஜேசிபி வந்தது.
ஓட்டுநர் பெயர் பூவலிங்கம்.
இறங்கி வந்து, வேட்டியை மடித்துக் கட்டிப் பார்த்தார்.
"கல்லுதானம்மா."
பைனாகுலரைக் கொடுத்தேன்,
தலைகீழாய்ப் பிடித்து, இன்னும் தூரமாக்கிப் பார்த்தார்.
கண்ணில் ஒரு குறையும் இல்லை அவருக்கு,
பதினேழு வருடம் கூட்டத்தில் பக்கெட் இறக்குகிறவர்.
எழுத்துப் பலகையின் கடைசி வரியை
நடந்துகொண்டே படிப்பார்.

வாங்க, கொஞ்சம் தள்ளி நிப்போம் என்றேன்.
கருவேல நிழலில் மூன்று பேரும்
அவருடைய பீடி முடியும்வரை நின்றோம்.
ஓடிந்த இறக்கை தானே ஒட்டிக்கொண்டது.
நாலடி, நின்று, நாலடி.
வந்து, வயிற்றைப் பொத்திக்கொண்டு
கல்லின் மேல் உட்கார்ந்தது.
"அடியாத்தி" என்றார்.
அவ்வளவுதான் சொன்னார்.
பிறகு இன்ஜினைக் கிளப்பி
மேற்கே போய்த் தோண்டினார்.
ஒப்பந்தக்காரர் திங்கட்கிழமை வருவாராம்.

திங்கட்கிழமை மதியம்
உசிலம்பட்டிக்காரர் ஒருவரின் வலது கண்ணை மூடி
இடது கண்ணுக்கு வில்லை மாற்றிக்கொண்டிருந்தேன்.
மேல்கோட்டுப் பையில் போன் அதிர்ந்தது.
டெலிவரிக்கு நடுவில் கண்மாய்க்குப் போயிருக்கிறான்.
படம் முழுக்கக் கானல்.
அசங்கியிருக்கிறது.
பெரிதாக்கினேன்.
ஒரு சாம்பல் மேடு. அதன் ஓரத்தில்
மஞ்சளாக ஒரு புள்ளி, அல்லது வெயில்.
கீழே கேட்டிருந்தான்:
இருக்கா, இல்லயா?

ரெண்டும் ஒண்ணு மாதிரிதான் இருக்கு
என்று தட்டச்சு செய்தேன்.
இருட்டில் உசிலம்பட்டிக்காரர்
ஒரு கண்ணோடு காத்திருந்தார்.