புள்ளிக்கோடு

நாங்குநேரிக்குத் தெற்கே
உடைமரக் காட்டுக்கு நடுவில்
கடற்படைக்கு ஒரு பண்டகசாலை.
மாடியில் ஏறி நின்றாலும் கடல் தெரியாது.

அங்கே எனக்குக் கொடுத்த வேலை
இருப்பதை இருக்கிறபடி வரைவது.
எந்த மென்பொருள் எதனோடு பேசுகிறது,
எந்தக் கையெழுத்து எந்த மேசைக்குப் போகிறது,
கப்பலில் ஒரு வளையம் தேய்ந்தால்
அந்தச் செய்தி எத்தனை பேரைத் தாண்டி வந்து
எங்கள் அலமாரியைத் தட்டுகிறது.
நிறுவனக் கட்டமைப்பு நெறி என்று
முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கம் தந்திருந்தார்கள்.
பெட்டி என்றால் நீலம். அம்பு என்றால் கறுப்பு.
ஒரே பண்டகசாலையைப் பார்க்க
ஐம்பத்திரண்டு பார்வைகள்.

எட்டு மாதம் வரைந்தேன்.
ஆடிக் காற்றில் வெளியே காற்றாலைகள் சுற்ற
சுவரில் ஒட்டிய தாள்கள் படபடத்தன.
நூற்று நாற்பது மென்பொருள்கள்;
அதில் பதினேழுக்கு
யார் பொறுப்பென்று யாருக்கும் தெரியாது.
என்றோ செத்துப்போன ஒரு கணினி
உயிரோடு இருப்பதாக
மும்பை இன்னும் நம்பிக்கொண்டிருந்தது;
தினமும் இரவு இரண்டு மணிக்கு
அதற்கு ஒரு கோப்பு அனுப்பியது.
அந்த அம்பையும் வரைந்தேன்.

படம் சொன்ன கணக்கில்
ஒரு பம்பின் ரப்பர் வளையம்
விசாகப்பட்டினத்திலிருந்து வந்து சேர
அறுபத்தொரு நாள்.
வாசல் பதிவேட்டில் பார்த்தால் நாலு நாள்.
தப்பு என்னுடையதுதான் என்று
மூன்று இரவு கூட்டிக் கழித்தேன்.

"அது ஒண்ணுமில்லம்மா"
என்றார் ஸ்டோர்கீப்பர் ஞானதிரவியம்,
கைக்குட்டையை மடித்துக் காலருக்குள் செருகியபடி.
"வைசாக்ல அப்பலநாயுடுன்னு ஒருத்தர்.
போனப் போடுதேன், லாரில ஏத்தி விட்டுருவாரு.
பேப்பர் பொறவு வரும், அது பாட்டுக்கு."

அது பாட்டுக்கு.

மணிமுத்தாறு நாலாவது ரீச் மாதிரிதான்.
வரைபடத்தில் நீலக் கோடு,
நேரில் போய்ப் பார்த்தால் முள்.
இங்கே தண்ணீர் மட்டும்
வேறு வழியாக வந்துகொண்டிருந்தது.

ஞானதிரவியத்துக்கு எந்தப் பெட்டி?
நெறியில் தேடினேன்.
ஆளுக்குக் குறி உண்டு, பதவியோடு.
பதினொரு வருஷமாக ஓடும்
"என்ன நாயுடு, சாப்டாச்சா"வுக்குக் குறி இல்லை.

புள்ளிக்கோடாகப் போட்டேன்.
அடிக்குறிப்பு: முறைசாராத் தொடர்பு.

டெல்லியில் ஆய்வுக் கூட்டம்.
கமாண்டர் ரணதிவே கண்ணாடியைக் கழற்றிவிட்டு
அந்தப் புள்ளிகள்மேல் விரலை வைத்தார்.
"படத்தில் உருப்படியாக வேலை செய்வது
இது ஒன்றுதான் போலிருக்கிறதே."
எல்லோரும் சிரித்தார்கள்.
எனக்குப் பெருமையாக இருந்தது.
அதைச் சொல்லத்தான் இப்போது கூசுகிறது.

அடுத்த பதிப்பில்
புள்ளிகள் சேர்ந்து கோடாயின.
கோட்டுக்கு ஓர் எண். எண்ணுக்கு ஓர் உரிமையாளர்.
உரிமையாளருக்கு ஒரு படிவம்:
பேசிய நேரம், பேசிய காரணம்,
பேச ஒப்புதல் தந்தவர்.
தை மாதம் ஒரு வளையம்
ஐம்பத்தெட்டு நாளில் வந்தது.
மூன்று நாள் மிச்சம் என்று
அறிக்கையில் பச்சை அடித்திருந்தார்கள்.

ஞானதிரவியம் கோபப்படவில்லை.
"வரைஞ்சிட்டியளே" என்றார்,
அவ்வளவுதான்.

பங்குனியில் ஒரு மத்தியானம்
மூலைக்கரைப்பட்டி விலக்கில் பஸ்ஸுக்கு நின்றேன்.
டீக்கடைக்குப் பின்னால்,
காலி சோடா பாட்டில் அடுக்குகளின் நிழலில்,
முதுகைக் காட்டியபடி ஒருவர்.
காலரில் கைக்குட்டை. காதில் புதுப் போன்.
அரைகுறைத் தெலுங்கில்
மீன் விலை கேட்டார், மகள் கல்யாணம் கேட்டார்,
பிறகு குரலைத் தாழ்த்தி
ஓர் உதிரிபாக எண்ணைச் சொன்னார்.
எட்டு இலக்கம், எதையும் பார்க்காமல்.

என் பையில் மடிக்கணினி.
ஐந்தாம் பதிப்புக்கு இன்னும் இரண்டு நாள்.

பஸ் வந்தது.
ஏறி இடப்பக்க ஜன்னலோரம் உட்கார்ந்தேன்.
அவர் நின்றது வலப்பக்கம்.