திம்பம் ஏறுவோருக்கு ஒரு திருத்தம்

போன தையில் நான் எழுதிக் கொடுத்த
சைக்கிள் வழிக்குறிப்பில் இரண்டு பிழைகள்.
ஒன்று, பண்ணாரி சாவடிக் குழாயில்
தண்ணீர் வரும் என்று எழுதியிருந்தேன். வராது.
சத்தியமங்கலத்திலேயே பாட்டில்களை நிறைத்துக்கொள்ளுங்கள்,
மூன்று வேண்டும், பங்குனி என்றால் நான்கு.

மற்றதைச் சொல்லக் கொஞ்சம் மேலே போகவேண்டும்.

சாவடிக் கம்பி தூக்கும்போது மணி ஆறு.
இரவெல்லாம் வரிசையில் கிடந்த லாரிகள்
ஒன்றாய் இருமிக்கொண்டு எழும்.
அவற்றை முன்னால் விடுங்கள். டீ குடியுங்கள்.
அவசரப்பட்டு நடுவே புகுந்த குழந்தைவேலு
நாலாவது வளைவுவரை புகையைத்தான் தின்றான்.
சாயப்பட்டறையில் பதினெட்டு வருஷம் இருந்தவனுக்கே
ஆகவில்லை.

முதல் ஐந்து வளைவில் உடம்பு பொய் சொல்லும்,
இவ்வளவுதானா என்று.
எட்டில், செயின் உரசுகிறதென்று இறங்கிப் பார்த்தேன்.
மூங்கில்.
ஒவ்வொரு திருப்பத்திலும் பலகையில் எண் இருக்கும்,
பார்க்காதீர்கள்.
பலகைக்கு அடியில் குரங்குகள் இருக்கும்,
வாழைப்பழத்தை ஹேண்டில் பையில் வைக்காதீர்கள்.

பதினொன்று தாண்டி
சிமெண்ட் ஏற்றிய லாரி ஒன்று பக்கத்தில் வந்தது.
முந்தவில்லை. அதனால் முடியவில்லை.
பத்து டன்னுக்கும் எனக்கும்
அந்த மேட்டில் ஒரே வேகம்.
கிளீனர் பையன் சித்துராஜ், தாளவாடிக்காரன்,
ஜன்னலில் கையை மடித்துப் போட்டுக்கொண்டு
மூன்று வளைவுக்குப் பேசிக்கொண்டே வந்தான்,
பக்கத்து வீட்டுக்காரனைப் போல.
எந்த ஊருங்க்கா?
திருப்பூர்.
என்ன வேலைங்க்கா?
பனியன் கம்பெனி, செக்கிங்.
இதுக்கு யாராச்சும் காசு குடுக்கறாங்ளா?
இல்ல.
உள்ளே திரும்பி டிரைவரிடம் கன்னடத்தில் சொன்னான்.
இருவரும் கொஞ்ச தூரம்
அதை யோசித்தபடி வந்தார்கள்.

பதினான்கின் முனையில் சொன்னான்:
பின்னால தார்ப்பாய்க் கயிறு ஒண்ணு தொங்குதுங்க்கா,
புடிச்சுக்கங்க. காடு யாருகிட்டயும் சொல்லாது.

வேண்டாம் என்றேன்.
அதுவரை நான் எழுதியதெல்லாம் உண்மை.

கயிறு எட்டும் தூரத்தில் ஆடிக்கொண்டிருந்தது.
நைலான். நீலம். முனையில் ஒரு முடிச்சு.
முழங்காலில் ஏதோ வழுக்கிய மாதிரி இருந்தது என்று
சொல்லிக்கொள்ளலாம்.
வலதுகை தானே போயிற்று என்றும்.
பதினைந்திலிருந்து பதினேழு வரை.

கம்பெனியில் நான் பிடிப்பதே இதைத்தான்:
இரண்டு அங்குலம் தையல் விட்டுப்போன இடம்.
அம்பு ஸ்டிக்கர் ஒட்டித் திருப்பி அனுப்புவேன்.
உடுத்தினால் தெரியாதுங்க மேடம் என்பார்கள் லைனில்.
தெரியாதுதான்.

அந்த இரண்டு வளைவைப் பற்றி
எனக்கு எழுத ஒன்றுமில்லை,
நான் பார்த்தது கயிற்றை.
குறிப்பில் வெற்றிடம் விடக் கூசி
'பதினாறில் பெரிய வேங்கை, நல்ல நிழல்,
ஐந்து நிமிஷம் நிற்கலாம்' என்று போட்டேன்.

போன ஞாயிறு மலையிலிருந்து மிருதுளா கூப்பிட்டாள்.
சிக்னல் விட்டுவிட்டு வந்தது.
அக்கா, உங்க வேங்கையக் காணோம்.
பக்கத்தில் யாரோ பதறுவது கேட்டது,
புலி என்று நினைத்திருப்பார்கள்.
இரண்டு தடவை ஏறி இறங்கித் தேடிட்டேங்க்கா,
வெட்டிட்டாங்களா?

ஆமாம் என்று சொல்ல
வாய் பாதி திறந்திருந்தது.
லைன் அறுந்தது.

ஆகவே, அந்த வேங்கையை அடித்துவிடுங்கள்.
மற்றபடி குறிப்பு சரி. உச்சியில் டீக்கடை உண்டு,
குளிரும், ஒரு சட்டை கூட எடுத்துப் போங்கள்.
அன்று நான் டம்ளரை இடதுகையில்தான் பிடித்தேன்.
வலது உள்ளங்கையில் கயிற்றின் முறுக்கு
வரிவரியாகப் பதிந்திருந்தது,
சூடு பட்டால் எரிந்தது.
ஆசனூர்ப் பக்கம் இறங்கும்போது பிரேக்கை விட்டுவிட்டுப் பிடியுங்கள்,
யானை நின்றால் நீங்களும் நில்லுங்கள், மணி அடிக்காதீர்கள்.

பதினாறில் என்ன மரம் நிற்கிறது என்று
யாராவது பார்த்து எழுதுங்கள்.
மரமே இல்லை என்றாலும் எழுதுங்கள்.