பத்தடிக்கு ஆறடி

களுவாஞ்சிகுடி பிரதான வீதியில்
பெனர் அடிக்கிற கடை என்னுடையது.
பிறந்தநாள், பூப்புனித நீராட்டு, முப்பத்தோராம் நாள்,
கட்சி மாறினவருக்கு நிறம் மாறின படம்.
எழுத்துக்குக் காசில்லை. சதுர அடிக்குத்தான் கணக்கு.

போன வருசம்
அஞ்சலோட்டத்தில் எங்கள் கல்லூரிப் பொடியன்கள் நாலு பேர்
மாகாணத்தில் முதலாவதாய் வந்த அன்று
இரவு ஒன்றரைக்குக் கதவைத் தட்டினார்கள்.
பழைய மாணவர் சங்கச் செயலாளர்
செருப்பும் போடாமல் நின்றார்.
"விடிய வெள்ளன சந்தியில தொங்கணும் தம்பி.
டிலோஜன்ட முகத்தக் கொஞ்சம் பெரிசாப் போடு."

மூன்றாவதாய் நின்று கோலை வாங்கி
முதலாவதாய்க் கொண்டுபோய்ச் சேர்த்தவன்.
'மண்ணின் மைந்தன்' என்று சங்கம் எழுதித் தந்தது.
'களுவாஞ்சிகுடியின் காற்று'
நான் சேர்த்தது.

இந்த வருசம் அதே செயலாளர்
பகலில் வந்தார், செருப்போடு.
கல்லூரி விழாவுக்கு அதே படம்.
"அந்தப் பொடியன மட்டும் எடுத்துரு."
பெயரைச் சொல்லவில்லை.

போட்டோக்கொப்பி எடுக்க நின்றவர்கள் சொன்னார்கள்.
ஐஸ் அடிக்கிறானாம். வாவிக்கரையில் பிடிபட்டானாம்.
தகப்பன் கட்டாரில், காசு கூடிப்போச்சாம்.
இல்லையாம், காசு வராமல் விட்டபிறகுதானாம்.
ஓடினதே தூளிலதானாம், தங்களுக்கு அப்பவே தெரியுமாம்.
தெரிந்தவர்களில் ஒருவராவது
அன்று சந்தியில் வெடி கொளுத்தாமல் இருந்ததாய்
எனக்கு ஞாபகமில்லை.
மீன் பையோடு நின்ற ஒரு மனிசி மட்டும்
"சாப்பிடுறானாமா?" என்று கேட்டா.
பதில் வரவில்லை. அவவும் போய்விட்டா.

எனக்குத் தெரிந்தது கொஞ்சம்.
போட்டிக்கு மூன்று கிழமை இருக்க
அவனுக்குப் பின்தொடை பிடித்துக்கொண்டது.
செயலாளர் இதே கதிரையில் இருந்து போனில் கதைத்தார்:
"ஊசியப் போட்டெண்டாலும் இறக்குங்க சேர்.
மறுகா பாப்பம்."

மறுகா நொண்டினான்.
மறுகா பார்மசியில் மாத்திரை வாங்கினான்.
மறுகா பார்மசி தேவைப்படவில்லை.
பார்ப்பம் என்றவர் பார்க்கவில்லை.
நானும் அன்று கேட்டுக்கொண்டுதான் இருந்தேன்,
கல்லூரிக் கொடியின் நீலம் சரியா என்று பார்த்தபடி.

ஆளை எடுக்கிறது சின்ன வேலை.
ஓரத்தால் வெட்டி, பின்னாலுள்ள புல்லை இழுத்து மூடினால்
நின்ற இடம் மைதானமாகிவிடும்.
தலை போனது. நெஞ்சிலிருந்த இலக்கம் போனது.
சப்பாத்துப் போனது. அது இரவல் சப்பாத்து.
வலது கை மட்டும்
பக்கத்திலுள்ள கஜரூபனின் தோளைப் பிடித்திருந்தது.
விரலை அழித்தால் கஜரூபனின் தோளும் சேர்ந்து போகிறது.
செயலாளர் குனிந்து பார்த்தார்.
"விடு. ஆரு வந்து விரல எண்ணப்போறா?"

சேமி என்று அழுத்தினேன்,
பழைய படத்தின் மேலேயே.

பெனரை ஏற்ற வந்தவன் கஜரூபன்.
கனநேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றான்,
தன் தோளில் இருந்த நாலு விரலை.
"அண்ண, பழைய படம் இருக்கா? சின்னதா ஒண்டு.
ஞாயிற்றுக்கிழமை அவனப் பாக்க விடுவாங்களாம்."

இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை.
சந்தைக்குக் கூட்டிப்போனேன்.
போன வருசத்துப் பெனர்
மீன்கடையொன்றில் வெயில் மறைப்பாய்க் கட்டியிருக்கிறது,
அச்சு மேல்பக்கமாய்.
அதன் கீழே நின்றுதான் ஊர்
சூரைக்கு விலை பேசுகிறது, டிலோஜனைப் பற்றியும் பேசுகிறது.
அண்ணாந்தால் எழுத்தெல்லாம் இடம்வலம் மாறி,
வெயில் ஊறி நாலு முகமும் தெரியும்.
காற்று வந்தால் பெரிய முகம் கொஞ்சம் உப்பும்.

கஜரூபன் போனை உயர்த்தி ஒன்று எடுத்தான்.
கை ஆடிவிட்டது என்று
இன்னொன்று எடுத்தான்.