பத்து மீட்டர் தள்ளி ஒரு சுவர்

முதலில் என் கண்ணைத்தான் சந்தேகப்பட்டேன்.
அக்டோபரில் காயானி நகருக்குப் போய்
எழுத்துப் பலகையின் கடைசி வரிவரை
தட்டாமல் வாசித்தேன்.
அப்போதும் நம்பிக்கை வரவில்லை.
புதுக் கண்ணாடி, முந்நூற்றுப் பத்து யூரோ.

அதற்குப் பிறகும்
மூன்று மணிக்கே இருட்டிவிடும் நவம்பரில்
சாலை ஏதோ கஷாயத்துக்குள் கிடந்தது.

வீடு வீடாகப் போகும் செவிலி நான்.
விடிவதற்கு மூன்று மணி நேரம் முன்பு ஓர் இன்சுலின்,
ஆறேகாலுக்கு இறுக்கமான காலுறை மாட்டிவிடல்,
ஏழு மணிக்கு, மாத்திரையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு
விழுங்கிவிட்டதாகச் சாதிக்கும் மார்ட்டா புல்லினனோடு சண்டை.
நடுவில் எழுபது கிலோமீட்டர் பைன் மரங்கள்.
‘இரவுப் பாதை இனி வேண்டாம்’ என்று
மேலதிகாரிக்குக் கடிதம்கூட எழுதிவிட்டேன்.
காரணம் என்ற கட்டத்தில் ‘வயது’.
அனுப்பத்தான் இல்லை.
டாஷ்போர்டில் கிடந்தது.

வண்டிச் சோதனை நிலையத்தில்
நீக்லாஸ் என்கிற பையன்
பம்பருக்கு முன்னால் குந்தி
விளக்கை நகத்தால் சுரண்டினான்.
இப்போதெல்லாம் எனக்கு ராத்திரியில் தெரிவதில்லை என்றேன்.
‘உங்களுக்கு இல்லை, இதற்கு’ என்றான்.
அவனைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.
அவன் தேர்ச்சியில்லை என்ற தாளை நீட்டினான்.

அன்றுதான் அதை முகத்துக்கு நேரே பார்த்தேன்.
காமாலைக் கண் என்பார்களே,
அது வண்டிக்கு வந்திருந்தது.
இந்த ஊரில் எங்கிருந்து இவ்வளவு மஞ்சள்?

ஜூனில் இங்கே சூரியன் சரியாகப் படுப்பதில்லை.
இருபது கோடைகள்
நள்ளிரவிலும் முற்றத்தில் நின்று
இமையில்லாமல்
அதையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது என் அவென்சிஸ்.
வெளிச்சம் தின்று தின்று
வெளிச்சம் தர முடியாமல் போன பிளாஸ்டிக்.

பற்பசை போட்டுத் தேய்த்தேன்.
மூன்று வாரம் தெளிவாக இருந்தது,
புதினா மணத்தது,
பிறகு பழைய குணம்.

போலந்திலிருந்து ஜோடியாக வரவழைத்தேன்,
நூற்று நாற்பத்தெட்டு.
என் கண்ணாடி விலையில் பாதிகூட இல்லை.

மைனஸ் பதினான்கில்
பக்கத்துப் பண்ணை உர்ப்போ ஸ்பானர் கொண்டுவந்தார்.
ஒரு விளக்கை எடுக்க
முழு பம்பரையும் உரிக்க வேண்டுமாம்.
இதை வடிவமைத்தவனின் குடும்பத்தைப் பற்றி
உர்ப்போ சுருக்கமாகச் சில சொன்னார்.
உள்ளே ஒரு செத்த குளவி,
எந்த வருஷத்ததோ ஓர் ஆஸ்பென் இலை.
இடதுபக்கக் கிளிப் குளிரில் பட்டென்று முறிந்தது.
இடைவெளிக்கு ஏதாவது சொருகு என்றார்.
கையில் அகப்பட்டது அந்தக் கடிதம்.
நான்காக மடித்து, டேப் சுற்றி,
வயதை அங்கே செருகினேன்.
கடைசியில் ஒரு திருகு மிச்சம்.
எதனுடையது என்று இருவருமே கேட்டுக்கொள்ளவில்லை.

பிறகு களஞ்சியச் சுவருக்குப் பத்து மீட்டர் தள்ளி நிறுத்தி
டேப் ஒட்டிய கோட்டுக்கு ஒளியை இறக்கினோம்.
வலதுபுறம் மட்டும் ஒரு படி ஏறும் அந்த விளிம்பு,
கத்தரித்த மாதிரி,
சிவப்புப் பலகையில் ஆணித் துளைகள் எல்லாம் தெரிந்தன.
‘பெயின்ட் அடிக்கணும் போல’ என்று
உர்ப்போ வருத்தப்பட்டார்.

மறுநாள் ஐந்து மணி.
பனிக்கு நட்ட குச்சிகள் ஒவ்வொன்றாக எழுந்து நின்றன.
நாற்பத்து மூன்றாவது கிலோமீட்டரில் ஒரு நீலத் தபால்பெட்டி,
‘கே. ஹெய்க்குரா’.
ஆறு வருஷமாக அந்த இடத்தைக்
காடு என்று நினைத்துக் கடந்திருக்கிறேன்.

எதிரே மரம் ஏற்றிய லாரி
இரண்டு முறை வெளிச்சத்தை வெட்டியது.
திட்டுதான்: உன் விளக்கு உயரம்.
இருந்தும்,
நான் வருவது ஒருவருக்குத் தெரிந்துவிட்டதே.
ஓரம் கட்டி, பானெட்டைத் தூக்கி,
அரைச் சுற்று இறக்கினேன்.

மார்ட்டாவின் சமையலறை ஜன்னலில் ஒளி விழுந்தபோது
மாத்திரையைப் பூந்தொட்டிக்குள் அமுக்கிக்கொண்டிருந்தாள்.
முகத்துக்குக் கையைத் தூக்கி
‘அணைச்சுத் தொலை’ என்று கத்தினாள்.

அணைத்தேன், உடனே இல்லை.

இடது விளக்கு இன்னும் லேசாக நடுங்குகிறது.
குளிருக்கு என்று வைத்துக்கொள்கிறேன்.