இரண்டு இடங்களில் ஒரு பம்பு

கிறிஸ்டியான்சுண்டில் டிசம்பர் வானம்
காலை பத்து மணிக்குத்தான்
விடியலாமா என்று யோசிக்கத் தொடங்கும்.
மூன்றாம் மாடியில் தூர்குன்
ஈரக் கையுறையைக் கழற்றுமுன்பே பார்த்துவிட்டாள்:
ராத்திரி ஓடவிட்டுப் போன தர்க்கப்பொறி
திரை முழுக்கச் சிவந்து கிடந்தது.

அவள் எழுதிய விதி எளியது.
பம்பு ஒரு கருவி.
கருவிக்கு ஓர் இடம் உண்டு.
ஒரே ஓர் இடம்.

பதினான்கு மாதமாக ஓர் எண்ணெய் மேடையை
இப்படித்தான் சொற்களால் கட்டிவருகிறாள்,
வால்விலிருந்து திருகாணி வரை எண்பதாயிரம் பெயர்கள்.
சுழலி பம்பின் பகுதி,
ஆனால் சுழலி பம்பு ஆகாது.
(விரல் கையின் பகுதிதான்;
விரலை மட்டும் குலுக்கி யார் விருந்தாளியை வரவேற்கிறார்கள்?)

போன வாரம் பொறிக்கு இரண்டு தகவல் வந்தது.
பி-2107 கடலில் இருக்கிறது.
பி-2107 பட்டறையில் இருக்கிறது.
அது கொஞ்சமும் தடுமாறவில்லை.
அப்படியானால் கடலும் பட்டறையும் ஒன்றே
என்று முடித்துவிட்டது.
இரண்டும் வேறு என்று
யாரும் அதனிடம் சொல்லியிருக்கவில்லை.

நேற்று மாலை சொன்னாள். வேறு, வேறு.
ஒரு வரி.
அவ்வளவுதான், உலகம் உடைந்தது.
முரண் ஒன்று உள்ளே புகுந்தால்
எதையும் நிரூபிக்கலாம்:
பம்பெல்லாம் வால்வு. வால்வெல்லாம் படகு.
தூர்குன் எழுதிய அத்தனையும் இல்பொருள்.

பாலம் தாண்டிப் பட்டறைக்குப் போனாள்.
ஐலிஃப் முழங்கைவரை கிரீஸில் இருந்தான்.
"செவ்வாய்க்கிழமைப் படகில் வந்தாள்.
சீல் ஒழுகுது, பாவம்" என்றான்.
"அப்போ கடலில்?"
"அங்கே இன்னொருத்தி நிற்கிறாள், கிடங்கிலிருந்து போனவள்.
2107 பலகையை அவள் கழுத்தில் மாட்டியாச்சு.
அது பம்போட பேர் இல்லை, தூர்குன்.
அந்த இடத்தோட பேர்.
இவள் பேர் இதோ" என்று துடைத்துக் காட்டினான்,
வயிற்றுக்கடியில் செதுக்கிய ஏழு இலக்கங்களை.

வீட்டு எண்ணுக்கு வரும் கடிதம்
குடி மாறிப் போனவரைத் தேடிப் போவதில்லை.
இது தபால்காரருக்குத் தெரியும்.
எண்பதாயிரம் வாக்கியங்களுக்குத் தெரியவில்லை.

அவன் 'அவள்' என்று சொன்னதை
நான் இப்போது எழுதும் மொழி சும்மா விடாது.
பம்பு அஃறிணை, ஒன்றன்பால், முடிந்தது.
ஆனாலும் மேட்டில் திணறும் லாரியை
"ஏறிடுடி ராசாத்தி" என்று ஓட்டுநர் தட்டும்போது
இதே இலக்கணம் முதலில் வழு என்கிறது,
பிறகு பிரியத்தில் வந்தது என்று கண்டு
அமைதி என்கிறது.
பிழையை அழிக்காமல்
அதற்கும் ஓர் அறை ஒதுக்கிக் கொடுப்பது.

தூர்குனுக்குத் தமிழ் தெரியாது.
இருந்தும் அன்றிரவு அவள் செய்தது அதைத்தான்.
பம்பு என்ற ஒரு சொல்லை இரண்டாகப் பிளந்தாள்:
நிற்க வேண்டிய இடம், வந்து நிற்கும் உடல்.
நடுவே ஒரு வினை,
இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதிவரை.
இடம் காலியாக இருக்கலாம்.
உடல் பெஞ்சில் படுத்திருக்கலாம்.
இரண்டு மணி நாற்பதுக்குத் திரை வெளுத்தது.

கணினியை மூடப் போனவள்
குறிப்புக் கட்டத்தைத் திறந்து,
ஏழு இலக்கங்களுக்கு நேராகத் தட்டினாள்:
'ஐலிஃப் சொல்கிறான், கிளப்பிய முதல் மணி நேரம்
இவளை அவசரப்படுத்தக் கூடாது.'

குறிப்புகளைப் பொறி படிப்பதில்லை.
சொல்லாததைப் பொய் என்று சொல்வதும் இல்லை.

வெள்ளிக்கிழமை, குறுக்காக அடித்த மழையில்,
புது சீலோடு அவளைப் படகில் ஏற்றினார்கள்.
எந்த இடத்துக்கு என்று
ரசீதில் இன்னும் எழுதவில்லை.