கசிவு கேட்பவள்

நாலரைக்கு அலாரம்.
மெத்தையில் கால் மடித்து
சுவரைப் பார்த்தபடி உட்காருவேன்.
சுவரில் ஒன்றுமில்லை.
இருபத்தாறு வருடமாக ஒன்றுமில்லை.

ஸ்காபரோவிலிருந்து அக்கா கேட்பாள்:
"விடியக் காலமை என்ன செய்யிறாய்?"
"சும்மா இருக்கிறன்."
"சும்மா இருக்கிறதுக்கு ஏனடி அலாரம்?"

ஆறரைக்கு இரும்பு மூக்குச் சப்பாத்து,
இரண்டு சோடிக் கையுறை,
வின்னிபெக் மாநகரத் தண்ணீர்ப் பகுதியின்
செம்மஞ்சள் மேலங்கி.
தெருவுக்கு அடியில் எங்கே ஒழுகுகிறதென்று
கேட்டுச் சொல்வது என் உத்தியோகம்.

வால்வின் தலையில் இரும்புக்கோலை ஊன்றி
மறுமுனையில் காதை வைப்பேன்.
மூன்று தெரு தள்ளிப் போகும் பஸ் வரும்,
யாரோ வீட்டு ஃப்ரிட்ஜ் வரும்,
என் இரத்தமே வரும்.
எதையும் துரத்துவதில்லை.
வந்ததெல்லாம் போன பிறகும்
போகாமல் நிற்கும் ஒரு சீறல்.
அதற்கு நேர்மேலே, பனியில்,
நீலச் சாயம் அடித்துவிட்டு
அடுத்த வால்வுக்கு நடப்பேன்.

கற்பிக்கும் உரிமையை எனக்குத் தந்த அன்று
குளிர் மைனஸ் முப்பத்தாறு.
தபால் கந்தோரில் பொதிகளுக்கு நிறை பார்த்த
மிர்னா ஹால்டர்சன்
பழுப்புத் துணியை என் கழுத்தில் மாட்டும்போது
இடுப்பில் பேஜர் துடித்தது.
செல்கர்க் அவென்யூவில் பெருங்குழாய் வெடிப்பு.
அவர் முகத்தைப் பார்த்தேன்.
"போ," என்றார். "இங்கே யாரும் மூழ்கவில்லை."
அந்தத் துணியோடுதான் குழிக்குள் இறங்கினேன்.
சேறு இன்னும் அதன் தையலில் இருக்கிறது.

பிறகு ஒரு மார்ச்.
ஏழு நாள் மௌனத்திலிருந்து
நேரே வேலைக்கு வந்திருந்தேன்.
காதைக் கழுவிக் கவிழ்த்து வைத்ததுபோல் இருந்தது.
பரோஸ் அவென்யூவில் கோலை ஊன்றினேன்.
அப்படியோர் அமைதி.
எவ்வளவு ஆழமாக உட்கார்ந்திருக்கிறேன் என்று
உள்ளுக்குள் ஒரு சின்னக் கைதட்டல்.
'கசிவு இல்லை' என்று எழுதிக் கையொப்பமிட்டேன்.

மூன்றாம் நாள்
அந்த வீட்டு நிலவறையில் இடுப்பளவு தண்ணீர்.
மன்னிப்புக் கேட்கப் போனேன்.
ரொமுலோ டலிசாய் படியில் நின்றபடியே
ஒரு கோப்பை கோப்பி தந்தார். பேச்சில்லை.
கீழே சோறு வடிக்கும் மின்சட்டி மிதந்தது,
மகளின் ஒற்றைச் சப்பாத்து,
விரிந்தபடி ஒரு கல்யாண ஆல்பம்,
ஒன்றையொன்று மெல்ல முட்டிக்கொண்டு.
அன்று கோலில் நான் கேட்டது
அந்தக் கைதட்டலைத்தான்.

படிவத்தின் நகல்
புத்தர் சிலைக்குப் பின்னால் இருக்கிறது.
தூசி தட்டும்போது மட்டும் எடுப்பேன்.
ஒவ்வொரு திங்களும் தூசி தட்டுவேன்.

வியாழன் இரவு,
பல் வைத்தியர் மாடியில் வாடகை அறை.
ஏழு பேர் வருவார்கள், பனி கொட்டினால் நாலு.
லொறி ஓட்டும் கார்டன் வீபே கேட்டார்:
வேலையையும் ஜென்னையும் எப்படிச் சமாளித்தீர்கள்?
பையிலிருந்த ஷிஃப்ட் அட்டவணையைக் காட்டினேன்.
அதற்கு மேல் எனக்கும் தெரியாது.

மணி அடித்து உட்கார்ந்தோம்.
பக்கத்துக் கழுவறையில் குழாய் சொட்டியது.
சொட்டியது.
எல்லோரும் அதைக் கேட்டபடி
அசையாமல் இருந்தார்கள், மிக அழகாக.
நான் எழுந்து போய்
ஸ்பானரால் திறந்து
வாஷரை மாற்றிவிட்டு வந்தேன்.

தேநீர் நேரத்தில் கார்டன், மெதுவாக:
"அதில் என்ன போதனை?"

"அரை இஞ்சி," என்றேன்.
"ரப்பர். டஜனாக வாங்கினால் மலிவு."